வினைச்சொல்லை முன்னால் கொண்டு வாருங்கள்

ஓர் ஆய்விதழின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கட்டுரை எழுதுபவர்கள் ஒரு பக்கம், அதை மதிப்பிடும் அறிஞர்கள் இன்னொரு பக்கம், அச்சகம் மூன்றாவது பக்கம். நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் மெயில் போடுவதுதான் என் வேலையில் முக்கால்வாசி. அச்சுக்கு முன் சரிபார்க்கும் மெய்ப்பை, அதாவது ப்ரூஃபைப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள், மதிப்புரையை அனுப்புங்கள், உரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று, ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருப்பவர்களிடம் நாள் முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர்கள் யாருக்கும் நான் மேலதிகாரி இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் அச்சுக்குப் போகும் தேதி மட்டும் நகராது. அதனால் மெயிலின் சப்ஜெக்ட் வரியை எப்படி எழுதினால் வேலை சட்டென்று நடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

அந்த வரிக்கு வயது அதிகம். கணினிக்குக் கணினி போகும் மெயிலை அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971-இல் அனுப்பிக் காட்டினார். 1973 செப்டம்பரில் அவரும் அபய் பூஷண் உள்ளிட்ட மூவரும் சேர்ந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 561 என்ற குறிப்பு (கணினி வலையமைப்பு எப்படி இயங்கலாம் என்று பொறியாளர்கள் எழுதும் எண்ணிட்ட குறிப்புகளில் ஒன்று), மெயிலின் தலையில் அனுப்பியவர், தேதி, சப்ஜெக்ட் ஆகிய மூன்றும் இருக்கட்டும் என்றது. இன்றைக்கு எந்த இன்பாக்ஸைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதே மூன்றுதான். இதில் முதல் இரண்டும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் யோசித்து எழுத வேண்டியது மூன்றாவது மட்டுமே. அதைத்தான் பலரும் கடைசி நொடியில், சென்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் அவசர அவசரமாக நிரப்புகிறார்கள்.

மெயிலைப் பெறுபவர் அந்த வரியைப் பார்க்கும்போது அவர் மனதில் ஓடுவது நாலே நாலு கேள்விகள். இது எனக்கா? நான் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? எப்போதுக்குள்? இவற்றுக்கு அங்கேயே பதில் கிடைத்தால், கையோடு முடித்துவிடலாமா என்ற எண்ணம் வரும். கிடைக்காவிட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நகர்ந்துவிடுவார். அந்த ‘அப்புறம்’ எவ்வளவு நீளமானது என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். மறுப்பதற்காக யாரும் தள்ளிப்போடுவதில்லை. என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே ஒரு முயற்சி தேவைப்படுகிறது. அந்த முயற்சியைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்திலிருந்து முன்பு இப்படித்தான் போகும்:

‘தங்கள் மேலான ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டுள்ள கட்டுரையின் இறுதி மெய்ப்பு தொடர்பாக’

மரியாதையான வரிதான், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் கைப்பேசியை நேராகப் பிடித்துக்கொண்டு பார்ப்பவருக்கு இதில் தெரிவது ‘தங்கள் மேலான ஒப்புதலுக்காக அனுப்ப…’ என்பது வரைதான். எந்தக் கட்டுரை, யாரிடமிருந்து, எதற்காக, எப்போதுக்குள் என்று எதுவும் தெரியாது. முழு வரியும் தெரிந்தால்கூட அது ‘தொடர்பாக’ என்றுதான் முடிகிறது. தொடர்பாக என்ன? படிக்கணுமா, திருத்தணுமா, சும்மா வைத்துக்கொள்ளணுமா?

இப்போது அதையே இப்படி அனுப்புகிறேன்:

‘ஒப்புதல் தேவை, வியாழன் 14 மாலை 5-க்குள்: கடல் அரிப்பு கட்டுரை ப்ரூஃப்’

இங்கே எது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். செய்ய வேண்டியது முதலில். கெடு அதற்கு அடுத்து. எதைப் பற்றி என்பது கடைசியில். வரியின் வால் வெட்டுப்பட்டாலும், தலையில் இருக்கும் இரண்டு சொல்லும் தேதியும் பிழைத்துக்கொள்ளும். கட்டுரையின் பெயர் வெட்டுப்பட்டால் பரவாயில்லை. உள்ளே போனதும் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ‘இணைப்பில் உள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ காகிதத்தில் இது அழகான வாக்கியம். சப்ஜெக்டில் போட்டால் திரை எந்த இடத்தில் வெட்டினாலும் முதலில் பலியாவது வினைதான். ‘இணைப்பில் உள்ள படிவத்தைப்…’ என்று நின்றுவிடும். படிவத்தை என்ன செய்வது என்பது திரைக்கு வெளியே போய்விடும். ஆங்கிலத்தில் சப்ஜெக்ட் எழுதக் கற்றுக்கொடுக்கும் அறிவுரைகள் இதைப் பேசுவதில்லை, அங்கே ஏவல் வினை இயல்பாகவே முன்னால் வந்து நின்றுவிடுவதால். நாம்தான் வேலையை வாக்கியத்தின் வாலிலிருந்து பிடுங்கி முன்னால் நட வேண்டும்.

அதற்கு வழி பேச்சிலேயே இருக்கிறது. ‘அனுப்புங்க அந்தப் படிவத்தை’ என்றுதான் பேசும்போது சொல்கிறோம். எழுத்தில் அது கொஞ்சம் அதட்டலாக ஒலிக்கும் என்பதால் நான் பெயர்ச்சொல்லோடு ‘தேவை’ சேர்த்துக்கொள்கிறேன். ஒப்புதல் தேவை, கையெழுத்து தேவை, ஒரு வரி பதில் தேவை, முடிவு தேவை. எதுவும் தேவையில்லை என்றால் ‘தகவலுக்கு மட்டும்’. இந்தக் கடைசி வகையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அது மிக முக்கியம். ‘தகவலுக்கு மட்டும்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நேர்மையாகச் சொல்பவர், ‘ஒப்புதல் தேவை’ என்று கேட்கும்போது அதை நம்புவார்கள். அமெரிக்க ராணுவ மெயில்களில் செயல், கையெழுத்து, முடிவு, தகவல் என்று வகை சொல்லும் சொல்லையே சப்ஜெக்டின் முதலில் வைக்கும் பழக்கம் உண்டு. யோசனை அதேதான். படிப்பவர் திறக்காமலே தரம் பிரித்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் வரிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அக்கா, அவர் எவ்வளவு பெரிய பேராசிரியர். இப்படி மொட்டையா ‘ஒப்புதல் தேவை’ன்னு போட்டா தப்பா எடுத்துக்க மாட்டாரா?”

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. மரியாதைக்கு உள்ளே நிறைய இடம் இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கு, நலம் விசாரி, நன்றி சொல்லி முடி. சப்ஜெக்ட் அவருடைய நேரத்துக்கானது. ஒரு நாளில் அத்தனை பேர் மெயில் போடும் மனிதரை, என்ன கேட்கிறாய் என்று தேட வைக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. ‘தங்கள் மேலான’ என்று அங்கே எழுதினால் அவருக்குப் பெருமை சேராது. திரையில் இருக்கும் கொஞ்சம் இடம்தான் வீணாகும்.

கெடுவைப் பற்றி. ‘நாளைக்குள்’, ‘இன்று மாலைக்குள்’ என்று சப்ஜெக்டில் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெயில் எப்போது திறக்கப்படும் என்பது நம் கையில் இல்லை. செவ்வாய் அனுப்பிய ‘நாளை’யை ஒருவர் புதன் காலையில் பார்த்தால் அது வியாழன் ஆகிவிடும். எங்கள் கட்டுரையாளர்கள் வேறு வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘இன்று மாலை’ என்பது யாருடைய மாலை? கிழமையும் தேதியும் சேர்த்து எழுத வேண்டும். கிழமை மட்டும் போட்டால் எந்த வாரம் என்ற சந்தேகம் வரும். தேதி மட்டும் போட்டால் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உறைக்காது. வெளிநாட்டவர் என்றால் மெயிலின் முதல் வரியில் அவர் ஊர் நேரத்தையும் எழுதிவிடுவேன்.

கெடு கொடுப்பது உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்டால், உதவுகிறது. சூசன் ஷு, அயலெட் நீஸி என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலருக்கு மூன்று வாரம் செல்லும் பரிசுச் சீட்டும், சிலருக்கு இரண்டு மாதம் செல்லும் சீட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட கெடுதான் வசதி என்று மக்கள் நினைத்தார்கள். ஆனால் மூன்று வாரச் சீட்டை 31 சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள். இரண்டு மாதச் சீட்டை 6 சதவீதம் பேர்தான். இலவசமாகக் கிடைக்கும் பரிசுக்கே இந்த நிலை என்றால், ப்ரூஃப் பார்ப்பது போன்ற சலிப்பான வேலைக்கு ‘வசதிப்படும்போது அனுப்புங்கள்’ என்று எழுதுவது உதவியே இல்லை. கனிவாகத் தோன்றும் அந்த வரி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் சுமையையும் சேர்த்து அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

நேரத்தையும் சொல்லலாம். ‘2 நிமிடம்: ஒரே கேள்வி’ என்ற வரிக்கு வரும் பதில்களின் வேகமே தனி. உண்மையிலேயே 2 நிமிடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது பக்கக் கட்டுரையை இணைத்துவிட்டு 2 நிமிடம் என்று எழுதினால் அடுத்த முறை அந்தச் சொல் செல்லாது.

இங்கேதான் எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களை உடனே செயல்பட வைக்கும் சப்ஜெக்ட் வரிகளை மிகத் தேர்ச்சியாக எழுதுபவர்கள் மோசடிக்காரர்கள்தான். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற சப்ஜெக்டோடு ஒரு மெயில் வந்தது. இணைப்பைத் திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு, சில நாட்களுக்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகளைத் தொற்றியது. தெரிந்தவர் பெயரில் வந்த மூன்றே சொல். கை தானாக கிளிக் செய்துவிட்டது. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, ‘உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கிறது’ என்ற பொருளில் சப்ஜெக்ட் போட்ட ஒரு மெயில் வந்தது. உடனே மாற்றுங்கள் என்று அதில் ஒரு பொத்தானும் இருந்தது. அந்த வழியாகத்தான் அவருடைய மெயில் பெட்டி முழுவதும் களவு போனது.

மெங் ஜு, யாங் யாங், கிறிஸ்டோபர் ஹ்ஸீ ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படையைக் காட்டுகிறது. பலன் அதிகமுள்ள வேலை பக்கத்திலேயே இருந்தாலும், கெடு நெருங்குவதுபோல் காட்டப்படும் வேலையைத்தான் மக்கள் முதலில் எடுக்கிறார்கள். அவசரம் என்ற உணர்வுக்கே ஓர் இழுவிசை இருக்கிறது. அந்த விசையைத் தொடுகிற ஒவ்வொருவரும் கொஞ்சம் பயத்தோடுதான் தொட வேண்டும் என்று நினைக்கிறேன். நான் ‘அவசரம்’ என்று எழுதும்போது, இன்னொருவர் செய்துகொண்டிருக்கும், ஒருவேளை என் ப்ரூஃபைவிட முக்கியமான, ஏதோ ஒரு வேலையை நிறுத்துகிறேன்.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அச்சு இயந்திரம் நிற்கும் நிலை, அல்லது தவறான தகவல் ஒன்று வெளியே போய்விடும் நிலை. இந்த இரண்டுக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போதும். சிவப்பு ஆச்சரியக்குறி போடும் பொத்தானை நாங்கள் தொடுவதே இல்லை. இன்னொன்றும் செய்கிறோம். உண்மையான அனுப்புநருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம், அதாவது கட்டுரையின் பெயரோ பதிவு எண்ணோ, சப்ஜெக்டில் கட்டாயம் இருக்கும். ‘உடனடி நடவடிக்கை தேவை’ என்று யாருக்கும் பொருந்துகிற வரியை மோசடிக்காரரும் எழுதலாம். ‘கடல் அரிப்பு கட்டுரை, படம் 3’ என்று அவரால் எழுத முடியாது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம், உள்ளே இருப்பதைப் பற்றி ஏமாற்றும் சப்ஜெக்டோடு வணிக மெயில் அனுப்புவதைத் தடை செய்கிறது. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்த மெயில் அனுப்புபவர்களுக்குக் கறாரான விதிகள் வைத்திருக்கின்றன. ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். பொய்யாக அவசரப்படுத்தி எரிச்சலூட்டினால் இந்த எண்ணைத் தொட அதிக நேரம் ஆகாது.

சந்தாதாரர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புவது வேறு கலை. அங்கே ஊகத்தை நம்பக் கூடாது. 2012-இல் ஒபாமாவின் தேர்தல் நிதிக்குழு ஒவ்வொரு மெயிலுக்கும் பல சப்ஜெக்ட்களை எழுதி, சிறு சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, ஜெயித்ததை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்பியது. ‘என்னைவிட எதிரணி அதிகம் செலவழிக்கப் போகிறது’ என்ற பொருளில் போன ஒரு வரி 26 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதே மெயிலுக்குச் சோதித்த வரிகளில் மிகவும் பின்தங்கியது போயிருந்தால் சுமார் 4 லட்சம்தான் வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். எது ஜெயிக்கும் என்று அந்தக் குழுவில் இருந்தவர்களாலேயே முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எந்தச் சோதனையிலும் ‘எத்தனை பேர் திறந்தார்கள்’ என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அது திறக்கப்பட்டதாக எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில், திறக்காத மெயிலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடும் வசதியைக் கொண்டுவந்தது. திறந்ததாகக் காட்டும் எண்ணிக்கை அதோடு நம்பகம் இழந்துவிட்டது. பதில் வந்ததா, படிவம் நிரம்பியதா என்பதை எண்ணுங்கள்.

தமிழில் மொத்த மெயில் அனுப்புபவர்களுக்கு ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம். சப்ஜெக்ட் வரியில் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. ஆர்.எஃப்.சி. 2047 சொல்லும் முறைப்படி அதை ஆங்கில எழுத்துகளாகக் குறியாக்கம் செய்து, துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், புள்ளியும் கொம்பும்கூட, யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட் பிடிக்கும். அனுப்பும்போது அந்த மூன்று பைட் நான்கு ஆங்கில எழுத்தாகும். துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் அடையாளங்களுக்கும் 12 எழுத்து போய்விடும். கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 15 குறியீடுகள்தான் அடங்கும். ‘ஒப்புதல் தேவை’ ஒரே துண்டில் அடங்கிவிடுகிறது. ‘தங்கள் மேலான ஒப்புதலுக்காக’ அடங்காது. நல்ல மென்பொருள் எழுத்தை உடைக்காமல் துண்டு போடும். நாங்கள் முன்பு வைத்திருந்த ஒன்று மூன்று பைட்டின் நடுவில் வெட்டிவிடும். சொல்லுக்கு நடுவே கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்து உட்காரும். அப்படி ஒரு வரியைப் பார்ப்பவர் ஸ்பேம் என்றுதான் நினைப்பார். அதனால் நீளமான தமிழ் வரி எதையும் முதலில் எனக்கே அனுப்பி, கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்புகிறேன்.

கடைசியாக நினைவூட்டல்கள். ‘நினைவூட்டல் 2’, ‘மூன்றாம் நினைவூட்டல்’ என்று எண் போடுவது எனக்குப் பிடிக்காது. அது அவருடைய தாமதத்தைச் சுட்டுகிறதே ஒழிய, வேலையைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை. பழைய இழையிலேயே பதில் போட்டு நாலைந்து ‘ரீ’ சேர்ப்பதும் அப்படித்தான். கேட்பது என்ன என்பது அந்த ‘ரீ’களுக்குப் பின்னால் மறைந்துவிடும். நான் ஒவ்வொரு முறையும் நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்பதை எழுதுகிறேன். முதலில், ‘ஒப்புதல் தேவை, வியாழன் 14 மாலை 5-க்குள்’. அதற்குப் பதில் வராவிட்டால் கேள்வியைச் சின்னதாக்குவேன்: ‘பக்கம் 7-இல் உள்ள அட்டவணை மட்டும் சரியா? ஒரு வரி போதும்’. முழுக் கட்டுரையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இதற்கு அநேகமாகப் பதில் போட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் அசைவில்லை என்றால், பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும்: ‘திங்கள் 18 காலை 10-க்கு அச்சுக்குப் போகிறது: கடல் அரிப்பு, இப்போதுள்ள வடிவில்’. இதை மிரட்டலாக எழுதக் கூடாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும். திங்கள் காலை 10-க்கு அது நிஜமாகவே அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே முதல் வரியில், மாற்றம் ஏதும் இருந்தால் என்னை எந்த எண்ணில் அழைக்கலாம் என்று எழுதிவிடுவேன். நான்காவதாக மெயில் போடுவதில்லை. ஞாயிறு வரை பார்த்துவிட்டு, நானே போன் செய்து கேட்டுவிடுவேன்.